கண்மாய்க்குள் போன வேன்

2022 தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி கிளம்பி, விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து சேர வேண்டும். ஐந்தரைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமனிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ரோடு தண்ணிக்குள்ள போகுது. நாங்க எங்க நிக்கிறோம்னே தெரியல."

நானும் சித்தப்பாவும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். கண்மாயின் உள்வாய்ப் பக்கம், தண்ணீர் விளிம்பில், முன்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து வேன் நின்றது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஏழெட்டுப் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கருவேல மரத்தடியில் நின்றார்கள். டிராக்டர் வைத்து வேனை இழுத்தோம். முகூர்த்தம் ஏழரைக்கு என்பதால் தப்பித்தோம்.

டிரைவர் போனை நீட்டினார். நீலக்கோடு கண்மாயை நட்டநடுவில் பிளந்துகொண்டு போய் எங்கள் தெருமுனையில் முடிந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் மாடுகளும் டிராக்டரும் குறுக்கே போய்வரும் தடம் அது. "எந்த மடையன்யா இத ரோடுன்னு போட்டான்?" என்றார் சித்தப்பா.

நான் வாயைத் திறக்கவில்லை. போட்டவன் நான்தான்.

2012-ல் நான் கல்லூரியில் கடைசி வருடம். ஒரு பெரிய நிறுவனம் தன் வரைபடத்தைப் பொதுமக்களே நிரப்பலாம் என்று ஒரு சேவை வைத்திருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக்கொண்டே கோடு போட வேண்டியதுதான். ஹாஸ்டலில் இருந்தபடி என் ஊரின் அத்தனை தெருக்களையும் போட்டேன். அந்தப் படம் ஏதோ ஒரு சித்திரை மாதத்தில் எடுத்தது போலிருக்கிறது. கண்மாய் வெறும் பொட்டலாகத் தெரிய, அதன் குறுக்கே வெள்ளையாக ஒரு தடம் பளிச்சென்று ஓடியது. எனக்குத் தெரியாத தடமா? சின்ன வயதில் சைக்கிள் ஓட்டிப் பழகியதே அதில்தான். 'கிராமச் சாலை' என்று போட்டேன். எங்கோ இருந்த இன்னொரு தன்னார்வலர் பார்த்து ஒப்புதலும் கொடுத்தார். இரண்டு நாளில் என் ஊர் உலக வரைபடத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கும்.

சில வருடங்கள் கழித்து அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். நாங்கள் வரைந்தவை மட்டும் அவர்கள் வரைபடத்தில் தங்கிவிட்டன. கல்யாணம் முடிந்த மறுவாரமே அந்தச் சாலையை நீக்கச் சொல்லி எழுதினேன். 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று பதில் வந்தது. கண்மாய் தளும்பி நிற்கும் போட்டோவோடு இன்னும் இரண்டு முறை அனுப்பினேன். அதற்கும் நன்றி சொன்னார்கள். சாலை அங்கேயே இருந்தது.

'இணையத்தில் இப்போது எல்லோரும் எழுதலாம், எல்லோரும் சேர்க்கலாம்' என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு அந்த வேன்தான் நினைவுக்கு வருகிறது. எந்த இடத்திலும் சேர்ப்பதற்குக் கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. சேர்த்தவனே நாளைக்கு வந்து 'இது தப்பு, எடுத்துவிடுகிறேன்' என்றால் விடுகிறார்களா, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டுகிறார்களா, சேர்த்ததெல்லாம் திரும்ப என் கையில் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளை நான் 2012-ல் கேட்டதில்லை. அதற்கப்புறம் கேட்காமல் எங்கும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வலை பிறந்தபோதே எழுதக்கூடியதாகத்தான் பிறந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் செய்த முதல் உலாவி வெறும் படிக்கும் கருவி அல்ல, பக்கத்தைத் திறந்து அதிலேயே திருத்தலாம். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற ஒரே வகைக் கணினியில்தான் ஓடும். 1993-ல் மொசைக் வந்து வலையை ஊருக்கெல்லாம் கொண்டுபோனபோது, அதில் படிக்க மட்டும்தான் முடிந்தது. திருத்தும் வசதி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அதை மீட்டுக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வார்டு கன்னிங்ஹாம். 1995-ல் அவர் செய்த தளத்தில் எந்தப் பக்கத்தையும் யாரும் திருத்தலாம். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸுக்கு இருந்த பெயரை எடுத்துத் தன் தளத்துக்கு வைத்தார். 2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவும் 2003-ல் தமிழ் விக்கிப்பீடியாவும் வந்தன. தமிழில் ஆரம்ப வருடங்களில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை உட்கார்ந்து எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2017-ல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

வரைபடத்துக்கு வருவோம். அதற்கு இன்னொரு பூட்டு திறக்க வேண்டியிருந்தது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துடையது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். நிற்கும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள். ஒரே ராத்திரியில் சாதாரணக் கருவியும் ஒரு தெருவை அடுத்த தெருவிலிருந்து பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியமானது. பிரிட்டனில் அரசு நில அளவைத் துறையின் வரைபடத் தரவு அப்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. அந்தக் கடுப்பில் 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், யாரும் வரையலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை ஆரம்பித்தார். 2006 மே மாதம் சில டஜன் பேர் ஐல் ஆஃப் வைட் தீவில் கூடி, ஒரு வார இறுதி முழுக்க ஜிபிஎஸ்ஸோடு சைக்கிளிலும் காரிலும் சுற்றிச் சாலைகளைப் பதிந்தார்கள். 2010-ல் ஹெய்ட்டி பூகம்பம் நடந்தபோது வெளிநாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சில நாட்களிலேயே தலைநகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள்.

இந்தக் கதையெல்லாம் தெரிவதற்கு முன்பே, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, நான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அப்போது வேளச்சேரியில் வாடகை வீடு. தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்ததும் மாடி வீட்டுக்காரர் தயவில் இரண்டு நாள் ஓட்டினோம். கரண்ட் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் கார் பேட்டரியில் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். அப்படி ஏற்றிய போனில்தான் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் தன்னார்வலர்கள் அவசரமாகக் கட்டியது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறதோ அதைத் தொட்டால் போதும், நிறம் மாறும். எங்கள் தெருவைத் தொட்டேன். அதற்கு முன்பே யாரோ அடுத்த மூன்று தெருக்களைத் தொட்டிருந்தார்கள். முகம் தெரியாத அந்த ஆளும் என்னைப் போல ஏதோ ஒரு மொட்டை மாடியில்தான் நின்றுகொண்டிருப்பார் என்று தோன்றியது. அந்த நிமிஷம் இருந்த ஆறுதலைச் சொல்லத் தெரியவில்லை.

அதிலும் ஒன்று கற்றேன். தண்ணீர் வடிந்த பிறகு 'இங்கே வடிந்துவிட்டது' என்று சொல்ல அவ்வளவு பேருக்கு நினைவு வராது. வரும்போது இருக்கும் பதற்றம் போகும்போது இருப்பதில்லை. தற்காலிகமான விஷயத்தைப் பதிந்தால், எந்த நாள் எந்த நேரம் பார்த்தது என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். இல்லையென்றால் நேற்றைய உண்மை இன்றைக்கு யாரையோ சுற்றுவழியில் அனுப்பும்.

சரி, கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்தேன்? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி என் ஊரைத் தேடினேன். ஒரு நெடுஞ்சாலை, அதிலிருந்து பிரியும் ஒரு கோடு, அப்புறம் பச்சையாக ஒரு பெரிய திட்டு. அந்தத் திட்டுக்கு 'காடு' என்று பெயர். எங்கள் கண்மாயைத்தான் யாரோ காடாக்கி வைத்திருந்தார்கள். கோபம் வந்தது. திட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் நீர்நிலை என்று வரைந்து சேமித்தேன். சில நிமிஷங்களில் வரைபடத்தில் பச்சை போய் நீலம் வந்தது. ஒரு நிறுவனத்திடம் மூன்று முறை எழுதியும் முடியாத காரியம் பத்து நிமிஷத்தில் முடிந்ததில் தலை கால் புரியவில்லை.

மறுநாள் ஒரு கேள்வி வந்திருந்தது. பச்சைத் திட்டை வரைந்தவர் ஜெர்மனிக்காரர். படத்தில் மரங்கள் அடர்ந்து தெரிவதால் காடு என்று நினைத்ததாகவும், நேரில் பார்த்துத்தான் மாற்றினேனா என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் மிக மரியாதையாக எழுதியிருந்தார். நான் காரணம் எதுவும் எழுதாமல் அழித்திருந்தேன். அவருக்கு அது வெறும் நாசவேலையாகவும் தெரிந்திருக்கலாம். அவர் மேல் தப்பில்லை. மேலிருந்து பார்த்தால் அது காடுதான். சீமைக்கருவேலம் உள்வாய் முழுக்க மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அது மட்டும் பச்சையாகவே நிற்கும். கண்மாய் என்றால் என்ன, மழைக்குப் பிறகு நிறைந்து கோடையில் வற்றும் நீர்நிலை எப்படி இருக்கும், கரை ஏன் ஒரு பக்கம் மட்டும் பிறை போல வளைந்திருக்கும் என்று விளக்கி எழுதினேன். சில நாள் கழித்துப் பார்த்தால், சுற்று வட்டாரத்தில் தான் காடு என்று போட்டிருந்த பதினொரு கண்மாய்களை அவரே திருத்தியிருந்தார். தமிழ்நாட்டில் இருக்கும் ஏரி, கண்மாய்களின் எண்ணிக்கை சுமார் 39,000. கரையின் வளைவைப் பார்த்து அவற்றை அடையாளம் காணக்கூடியவர் இன்றைக்கு ஜெர்மனியில் ஒருவர் இருக்கிறார்.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என்ன மாற்றினேன், எதை வைத்து மாற்றினேன் என்று ஒரு வரி எழுதும் பழக்கம் அன்றைக்கு வந்தது. 'திருத்தம்' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். 'நேரில் பார்த்தது, கரை மேல் நடந்து பதிந்த தடம்' என்று எழுதினால் பின்னால் வருபவருக்குப் போதும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. உற்சாகத்தில் பஜாரில் உள்ள கடைகளை எல்லாம் சேர்க்க நினைத்து, இன்னொரு நிறுவன வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது கடைகளின் பெயரை அப்படியே எடுத்துப் போட்டேன். இரண்டு நாளில் ஓர் அனுபவசாலி பிடித்துவிட்டார். கூடவே கூடாது என்றார். அந்தத் தரவு அவர்களுடைய சொத்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியாவது, இரண்டும் கலந்தால் மொத்தத்துக்கும் வழக்கு வரும் என்று விளக்கினார். வரைபடக்காரர்கள் திருடர்களைப் பிடிப்பதற்காகவே இல்லாத தெருவை நுழைத்து வைக்கும் பழைய வழக்கம் ஒன்று இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நாற்பதையும் நானே நீக்கினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் நடந்து பெயர்ப்பலகைகளைப் போட்டோ எடுத்துத் திரும்பச் சேர்த்தேன். அப்போது பார்த்தால் நாற்பதில் ஒன்பது கடைகள் மூடி வருஷக்கணக்காகிறது.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் செயற்கைக்கோள் படத்தின் விலகல். படம் நிலத்தோடு சரியாகப் பொருந்தாமல் சில இடங்களில் பத்து, பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊரின் இரண்டு தெருக்களை நான் முதலில் அப்படித்தான் தள்ளி வரைந்தேன். பிள்ளையார் கோயில் ஊருணிக்குள் போய்விட்டது! தெருவில் இரண்டு மூன்று தடவை போனோடு நடந்து ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்து, படத்தை அந்தத் தடத்தோடு நகர்த்திப் பொருத்திவிட்டு, அதற்கப்புறம்தான் வரைய வேண்டும். நாலைந்து வகைப் படங்கள் கிடைக்கும், எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று கோடையில் எடுத்திருப்பார்கள், இன்னொன்று மழைக்காலத்தில். 2012-ல் இதை யாராவது சொல்லியிருந்தால் அத்தைமார் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டாம்.

கண்மாயை வரைவதுதான் நான் நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது. மடைகளையும், கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கையும் குறிக்கத் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. ஆனால் எத்தனை மடை? அப்பா நான்கு என்றார். சித்தப்பா ஐந்து என்றார். அப்பத்தாவிடம் கேட்டேன். "ஆறுடா. கடைசி மடைதான் உங்க தாத்தா காலத்துலயே தூர்ந்து போச்சே" என்று படுத்த வாக்கிலேயே சொன்னார்.

நீர்ப்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கரை மேல் நடந்தேன். மடை திறந்து அடைத்து, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. வயது எழுபதுக்கு மேல் இருக்கும், நடையில் நான்தான் பின்தங்கினேன். ஒவ்வொரு மடையிலும் நின்று பெயர் சொன்னார். பெரிய மடை, நடு மடை, புளியடி மடை. அந்தப் புளியமரம் இப்போது இல்லை. ஐந்தாவது அடைத்துக் கிடந்தது. ஆறாவதைக் காட்டச் சொன்னேன். கரையிலிருந்து இறங்கி, முள்ளை அரிவாளால் ஒதுக்கி, மண்ணுக்குள் தெரிந்த ஒரு கல் நுனியைக் காட்டினார். "இதத் தேடி இதுக்கு முன்ன யாரும் வரல தம்பி. எதுக்குக் கேக்குறீங்க?"

போனில் வரைபடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பெயர்களைவிட அவருக்கு வேறு ஒன்றுதான் உறுத்தியது. "கலுங்குத் தண்ணி இப்படிப் போகாதே. இங்கன திரும்பி, சின்னக் கண்மாய்க்குள்ள போகும்." நான் படத்தைப் பார்த்து நேராக ஓர் ஓடையை வரைந்திருந்தேன். இப்போது அந்த வழியில் பாதிக்கு மேல் வீட்டுமனை. மேலிருந்து பார்த்தால் கால்வாயே தெரியாது. பெருமழை பெய்தால் மட்டும் அந்த மனைகளில் தண்ணீர் நின்று, அது எந்த வழியாகப் போக நினைக்கிறது என்று காட்டும். அவர் சொன்னபடி நடந்து பார்த்தபோது, இரண்டு இடத்தில் சாலைக்கடியில் பழைய சிறு பாலம் இன்னும் இருந்தது. அவை இரண்டையும் குறித்தேன். நடுவில் இருந்த துண்டை வரையவில்லை. இன்றைக்கு நிலத்தில் இருப்பதைத்தான் வரையலாம், ஒரு காலத்தில் இருந்ததை அல்ல என்பது அங்கே விதி. அந்த விதி சரி என்று என் புத்தி சொல்கிறது. ஆனாலும் அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது.

பெயர்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். எங்கள் கண்மாய்க்கு எங்கள் ஊரில் ஒரு பெயர், மறுகரை ஊரில் இன்னொரு பெயர். நான் எங்கள் பெயரைப் போட்டேன், ஒரு மாதத்தில் மாறியிருந்தது. நான் திரும்ப மாற்றினேன், அதுவும் மாறியது. மாற்றியவருக்கு எழுதிக் கேட்டால், மறுகரை ஊர்ப் பையன், சிங்கப்பூரில் வேலை. இரண்டு பேரும் ஒரே கண்மாயில் குளித்தவர்கள். பேசி, பொதுப்பணித் துறையின் கல்லில் இருக்கும் பெயரை முதன்மையாக வைத்து, இரண்டு ஊர்ப் பெயர்களையும் 'வேறு பெயர்' என்ற கட்டத்தில் போட்டோம். எந்தப் பெயரில் தேடினாலும் கண்மாய் கிடைக்கும். இப்படிப் பல பெயர்களுக்கும் இடம் விடும் ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் நாங்கள் இன்னும் மாற்றி மாற்றி அழித்துக்கொண்டிருப்போம். அரசாங்கமே பெயரில் தடுமாறியிருக்கிறது. 2020 ஜூன் மாதம் 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத உத்தரவு வந்தது. வேலூரும் கோயம்புத்தூரும் அதில் பட்ட பாட்டைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அவசரப்பட்டு எல்லா ஊரையும் மாற்றியவர்கள் எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

தெருப்பெயர் அதைவிடக் கூர்மையான விஷயம். எங்கள் ஊரில் பாதித் தெருக்களின் பெயர் சாதிப் பெயர். பலகையில் இருப்பதைப் போடு என்பது விதி. பலகை இருந்த தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே போட்டுவிட்டேன். கிழக்கே ஒரு பகுதிக்குப் பலகை கிடையாது. ஊரில் எல்லோரும் 'காலனி' என்பார்கள். நானும் அப்படித்தான் போட இருந்தேன். அங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி போனில் நான் தட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத எழுதாதீங்கண்ணே. நாங்க கிழக்குத் தெருன்னுதான் சொல்றோம். நீங்க எல்லாரும்தான் அப்படிச் சொல்றீங்க." நேரில் கேட்டுப் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. அந்த இடத்தில் இருப்பவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்! 'கிழக்குத் தெரு' என்று போட்டேன். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோதும், அதே வருடம் அக்டோபரில் சாதிப் பெயர் கொண்ட தெருக்களின் பெயரை மாற்ற அரசாணை வந்தபோதும் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. மற்ற தெருக்களுக்குப் புதுப் பலகை வைத்ததும் மாற்றுவேன். பழைய பெயரைத் தனிக் கட்டத்தில் வைக்க வசதி இருக்கிறது. வைக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

2023 கோடை விடுமுறையில் ப்ளஸ் டூ படிக்கும் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டேன். முதல் நாள் கணினியை வைத்து வகுப்பு மாதிரி எடுத்ததில் நான்கு பேருக்குக் கொட்டாவி. இரண்டாம் நாள் அதை விட்டுவிட்டு, போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியை ஏற்றிக் கொடுத்தேன். தெருவில் நடந்தால் அது கேள்வி கேட்கும். இந்தச் சாலை தாரா மண்ணா, இங்கே விளக்கு உண்டா, இந்தக் கட்டடம் எத்தனை மாடி என்று. பதிலைத் தொட்டால் வரைபடத்தில் சேர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு தெரு பிரித்துக் கொடுத்ததும் வேகம் பிடித்தது. போட்டியும் வந்தது. போட்டி வந்ததும் புளுகும் வந்தது. ஒருவன் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒரு தெருவுக்கு முழுக்க விளக்குப் போட்டுவிட்டான். கணக்கைப் பார்த்து எண்ணிக்கை சொல்வதை அன்றோடு நிறுத்தினேன்.

இன்னொருவன் கூட்டாளியின் வீட்டை 'பேய் வீடு' என்று சேர்த்திருந்தான். சிரித்துவிட்டு நீக்கினோம். ஆனால் ஒரு பெண் தன் தெருவில் வீடு வீடாக யார் இருக்கிறார்கள் என்று பெயரோடு போட ஆரம்பித்தபோது சிரிக்க முடியவில்லை. நல்லெண்ணத்தில் செய்ததுதான். தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடும் அதில் பெயரோடு இருந்தது. கடை, கோயில், பள்ளி, ஆழ்குழாய், பஸ் நிறுத்தம் எல்லாம் போடலாம், வீட்டுக்காரர் பெயரும் போன் நம்பரும் கூடாது என்று உட்கார வைத்துச் சொன்னேன். பழைய பதிப்புகள் எல்லாம் வரலாற்றில் தெரியும் இடம் அது. நீக்கினாலும் தடம் இருக்கும். திருத்தும் உரிமைக்காக நான் மெச்சும் அதே வசதி இந்த இடத்தில் எதிராகத் திரும்புகிறது. ஆகவே சேமிக்கும் முன்பே யோசிக்க வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிறகு சரிசெய்யலாம்.

'நீ காசில்லாமல் வரைகிறாய், ஆப்பிளும் மெட்டாவும் அமேசானும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்' என்று ஒரு நண்பன் கிண்டல் செய்தான். உண்மைதான், அந்தத் தரவை அவர்களும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் அதே பிரதி எனக்கும் கிடைக்கிறது. எங்கள் ஊராட்சி எழுத்தருக்கு எங்கள் கண்மாய்ச் சங்கிலியை மட்டும் தனியாக எடுத்து, அச்சிட்டு, லேமினேட் செய்து கொடுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 2012-ல் நான் கொடுத்த உழைப்பை வைத்து இதைச் செய்ய முடியாது.

போன வருடம் அடைத்துக் கிடந்த ஐந்தாவது மடையை மராமத்து பார்த்துத் திறந்தார்கள். சென்னையிலிருந்த எனக்கு அப்பா போனில் சொன்னார். ராத்திரி கணினியைத் திறந்து மாற்றப் போனால், மாறியிருந்தது. நான்கு நாள் முன்பே மாற்றியாகிவிட்டது. அருகில் ஒரு வரி: 'நேரில் பார்த்தது, தண்ணீர் வருகிறது.' திண்ணையில் உட்கார்ந்து தெருவிளக்குப் போட்டவன்தான்.

அந்தப் பழைய நிறுவன வரைபடத்தில் கண்மாய்க்குள் ஓடும் சாலை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று கார்கள் வந்து மாட்டுகின்றன. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, தடம் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு பனந்துண்டைப் போட்டு, மேலே கருவேல முள்ளை அடைத்திருந்தார் சித்தப்பா. தகரப் பலகையில் சிவப்பு பெயிண்டில் எழுதியும் தொங்கவிட்டிருந்தார்: 'மேப் பாத்து வராதீங்க. உள்ள கம்மாய்.'

போட்டோ எடுத்துக்கொண்டேன். வழித்தடை என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாமே என்று திறந்து பார்த்தால், அதையும் அந்தப் பயல் சேர்த்திருந்தான். பொருள் என்ற கட்டத்தில் 'மரத்துண்டு' என்று சரியாகப் போட்டிருந்தான். முள்ளைத்தான் விட்டிருந்தான்.

சித்தப்பாவிடம் அந்த ரோட்டைப் போட்டது யார் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.